முதல் பக்கத்தில் என் முகம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் இரத்ததானக் கழகத் தலைவர் சுயம்பு அவர்களே! எண்ணூர்ச் சாம்பல் காற்றுக்கும் அசராத ஆன்றோர்களே! வேலை முடித்த கையோடு வந்து மணலில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! செயலாளனாகிய என் பணிவான வணக்கம்.

2003 பொங்கலன்று இதே மேடையில் நம் கழகத்துக்கு இணையதளம் திறந்தோம். மாலை சூடினோம், மத்தாப்பு கொளுத்தினோம், மார்தட்டினோம்! ஆறே மாதத்தில் மூவாயிரம் பேர் வந்ததாகக் கணினி காட்டியது. அந்த மூவாயிரத்தில் ஒருவராவது இரத்தம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தாரா? இல்லை! வந்தவர்கள் ஏன் வந்தார்கள்? வந்த வேகத்திலேயே ஏன் போனார்கள்?

என்ன ஐயா, கரண்ட் இல்லையா என்கிறீர்கள்? கரண்ட் இருந்தது. கருத்துதான் இல்லை, எங்களிடம்.

திருவொற்றியூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஷாலுவிடம் போய்க் கேட்டேன்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிகீறீங்க? மொதல்ல தலைவரு படம், அப்பால உங்க படம், அப்பால பொருளாளரு. போன் லைன்ல படம் மெள்ள மெள்ளதான் எறங்கும். நெத்தி எறங்கி மூக்கு வர்றதுக்குள்ள ஜனம் எய்ந்து பூடுது" என்றாள்.

மேடையில் பெயர் வரிசை மாறினாலே மனஸ்தாபம் வரும் ஊர் நம்மூர். அந்த வரிசையை அப்படியே தளத்தில் வைத்தது யார்? பத்து முகங்களுக்குப் பின்னால்தான் இரத்தம் தருவோர் பட்டியல் என்றது யார்? நான்! தலைவர் கோபிக்கக் கூடாது, அவர் சும்மா இருந்தாலும் நான் விடவில்லை.

அடுத்து ஷாலு இன்னொன்றும் சொன்னாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஆசீர்வாதம் அங்கே வந்திருக்கிறார். பிரசவத்தில் மனைவி ஐரீனுக்கு இரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ் வேண்டும். பதினொரு நிமிடம் காத்திருந்தார். என் முகம் பாதி வந்தது. எழுந்து ஓடிவிட்டார்.

ஐரீன் பிழைக்கவில்லை.

பட்டியலில் ஓ நெகட்டிவ் இருந்தது, ஐயா! ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், அஜீசுன்னிசா என்ற அம்மையார். கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். உயிர் கேட்டு வந்தவருக்கு நான் என் முகத்தைக் காட்டினேனே!

கை தட்டாதீர்கள். இது கை தட்டும் இடமில்லை.

படங்களையெல்லாம் எடுத்துவிட்டோம். இப்போது முதல் பக்கத்தில் இரத்த வகையும் தொலைபேசி எண்ணும் மட்டும்தான். நேற்று ஆசீர்வாதம் என் வீட்டுக்கு வந்தார். அடித்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

"என்னுது பி பாசிட்டிவ், நைனா. பேரைச் சேத்துக்கோ. எவனாவது ஓடியாந்தான்னா, ஒடனே என் நம்பரு வரணும்" என்றார்.

அந்த மனிதரை வணங்கி, என் பிழையைப் பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.