கோப்பாயில் ஒரு மலை

சாவகச்சேரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ரீச்சர்மார் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"நாவல் எந்தளவிலை நிக்குது?"

"நல்லாப் போகுது. பௌர்ணமிப் போயா லீவுக்கு ஒரு மலை ஏறுவன், வந்து ஒரு அத்தியாயம் எழுதுவன். இந்தமுறை எங்கடை கோப்பாயிலை ஒரு மலை வச்சிட்டன்."

"உனக்கென்ன விசரோ? தோட்டமும் கிணறும் இருக்கிற கோப்பாயிலை மலையோ? சனம் சிரிக்கும்."

நானே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"சிரிக்கட்டும். அண்டைக்கு ஆமியின்ரை சுத்திவளைப்பிலை என்ரை அண்ணையைப் பிடிக்கேக்கை, ஓடி ஒளிக்க ஊரிலை ஒரு மேடும் இல்லை. ஏறுற மலையிலையெல்லாம் அவருக்கு இடம் பாத்துப் பாத்துத்தான் ஏறுறன்."

மற்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உன்ரை அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவங்களோ? கனடாவிலை எண்டெல்லோ இவ்வளவு காலமும் சொன்னனீ!"

"ஓம். அந்தக் கனடாதான் என்ரை முதல் கதை."