உள்ளிருந்து திறக்காத கதவு

அந்த ஸ்க்ரூ டிரைவரை முதல்ல கீழ வைங்கண்ணே. வச்சிட்டுப் பேசுங்க. கதவு எங்கயும் ஓடிடாது. பத்து நிமிஷ வேலைதான், தெரியும், வந்ததுலேர்ந்து நாலு தடவை சொல்லிட்டீங்க. நான்தான் வேணாங்கறேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக் கதவு வெளியேர்ந்து திறக்குது, உள்ளேர்ந்து திறக்கல. அவ்வளவுதானே? அப்படியே இருக்கட்டும். அப்படியே வாங்கிக்கறேன்.

அட, இதுக்கு ஏன் இப்படி முழிக்கறீங்க? வண்டி வாங்க வர்றவங்க எல்லாரும் அதை மாத்து, இதை மாத்துன்னு உங்க உயிரை எடுப்பாங்க. எதையும் தொடாதீங்கன்னு ஒருத்தி வந்து கேட்டா, சந்தோஷமா தலையாட்ட வேண்டியதுதானே.

இல்ல, வீட்டுலேர்ந்து ஆம்பளைங்க யாரும் வரல. வரவும் மாட்டாங்க. இதையும் மூணாவது தடவையா கேக்கறீங்க. ஆம்பளை முகத்தைப் பாத்தாத்தான் இஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா என்ன? கோவமெல்லாம் இல்ல. என் குரலே அப்படி. வக்கீலுக்கும் படிக்கல, யுனிவர்சிட்டில கணக்குப் படிக்கறேன். வாய் மட்டும் பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்.

சரி, நான் பாத்ததைச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. நல்லதை முதல்ல சொல்லிடறேன். சின்ன வண்டிதான், ஆனா பின்னாடி டிக்கி தனியா நீண்டு பாக்க கௌரவமா இருக்கு. கைக்கு அடக்கமான விலையில ஒரு குடும்பம் வாங்கற வண்டி. மீட்டரைத் திருப்பல, அதை நம்பறேன். பிரேக் பெடல் ரப்பரைப் பாத்தேன், மீட்டர் காட்டற அளவுக்குத்தான் தேஞ்சிருக்கு. டயர் நாலும் ஒண்ணா போட்டது. பானட் போல்ட்டுல ஸ்பானர் பட்ட தடம் இல்ல, எங்கயும் இடிச்சு ஒடுக்கு எடுக்கல. ஹெட்மாஸ்டர் ஓட்டின வண்டி, பூ மாதிரி வச்சிருந்தாருன்னு சொன்னீங்கல்ல, அதுவும் சரி. அவரைப் பத்தி எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

இப்போ கெட்டது. ஒரு வண்டிக்கு எதுக்குண்ணே மூணு சென்ட் டப்பா? கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு ஏசியைப் போட்டு உக்காந்தேன். ரெண்டு நிமிஷம் பூ வாசனை. அப்புறம் அடியிலேர்ந்து மெதுவா வருது, ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துட்ட மாதிரி ஒரு நாத்தம். சீட் பெல்ட்டைப் பாதி வரைக்கும் இழுத்தா புதுசு. கடைசி வரைக்கும் இழுங்க. இந்தா பாருங்க, கடைசி ரெண்டு சாண் பழுப்பு. டீ கொட்டினா இப்படி ஆகாது, சேறு காய்ஞ்சா ஆகும். டிக்கில ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அந்தக் குழிக்குள்ள விரலை விட்டேன். மாவு மாதிரி வண்டல். சீட்டுக்கு அடியில போல்ட் எல்லாம் துரு, துரு மேல புதுசா ஸ்பானர் கடிச்ச பளபளப்பு. சீட்டைக் கழட்டி வெயில்ல காய வச்சிருக்கீங்க.

தண்ணியில முழுகின வண்டிண்ணே இது.

நீங்க தலையைக் குனிய வேணாம். கண்ணாடியில சுத்தமான வண்டின்னு எழுதி ஒட்டியிருக்கீங்க, கழுவினது வரைக்கும் சுத்தம்தான். இதை வச்சு நான் ஒரு காசு குறைக்கச் சொன்னேனா? இல்லல்ல? நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன், பணம் பையில இருக்கு. ஒருத்தங்க கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சது. அவங்களுக்கு இனிமே தேவைப்படாது.

நாளைக்குக் காலையில ஒருத்தர் பொண்டாட்டியோட வந்து பாக்கறாரு, அதுக்குள்ள கதவைச் சரி பண்ணணும், அதானே உங்க அவசரம்? அவருக்கு முன்னாடி நான் வாங்கணும். கதவு இப்படி இருக்கும்போதே வாங்கணும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நீங்க மூழ்கின வண்டியை வித்தீங்கன்னு நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். பதிலுக்கு நீங்க அந்தக் கதவுல கை வைக்கக்கூடாது.

காரணமா? சொல்றேன், நீங்களே பாருங்க. உள்பக்க அட்டையைக் காலையிலேயே கழட்டி வச்சிட்டீங்க, நல்லதாப் போச்சு. இப்படிக் குனிங்க, போன்ல லைட் அடிக்கறேன். இது கைப்பிடி. கைப்பிடியிலேர்ந்து பூட்டுக்குப் போற கம்பி இது. கம்பி கழண்டு விழுந்திருக்குன்னு சொன்னீங்க. கழண்ட கம்பி நுனியில கறுப்பு டேப் எப்படி வந்துச்சு? தானா போய் சுத்திக்கிச்சா? அப்புறம் பாருங்க, பிளாஸ்டிக் பட்டையால ஓரமா இழுத்துக் கட்டியிருக்கு. வண்டி ஓடும்போது கடகடன்னு சத்தம் வரக்கூடாதுன்னு யாரோ ரொம்ப அக்கறையா கட்டியிருக்காங்க. நீங்க எத்தனை வருஷமா கதவைப் பிரிச்சு மாட்டறீங்க, நீங்களே சொல்லுங்க, இது கழண்டதா, கழட்டினதா?

ஆங், கழட்டினது. உங்க வாயாலேயே வந்துடுச்சு.

குழந்தை திறந்துடாம இருக்கன்னா அதுக்குப் பின் கதவுல கம்பெனிக்காரனே லாக் வச்சிருக்கான். முன் சீட்டுல எந்தக் குழந்தையை உக்கார வைக்க இந்த வேலை?

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்கண்ணே. டீயெல்லாம் வேணாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருந்தாங்க. ரத்தம் டெஸ்ட் பண்ற இடத்துல இருபத்திரெண்டு வருஷம் வேலை. பச்சைக் குழந்தை கையில நரம்பு தேடி, ஒரே குத்துல எடுத்துடுவாங்க. வீட்டுக்காரர் வெளியில தங்கம். கார்ல ஏறிக் கண்ணாடியை ஏத்தினதும் ஆரம்பிப்பார். சம்பளம், சமையல், யார்கிட்ட சிரிச்ச, எதுக்கு சிரிச்ச. அடிக்க மாட்டார். பேசுவார். பக்கத்து வண்டிக்காரனுக்கு வாய் அசையறதுதான் தெரியும், ஏதோ பாட்டுப் பாடறார்னு நெனச்சுப்பான்.

ஒரு நாள் சிக்னல்ல நிக்கும்போது அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி நடந்துட்டாங்க. வண்டிகளுக்கு நடுவுல, செருப்புகூட இல்லாம. செருப்பு காருக்குள்ள. அப்படியே வேலைக்குப் போய், அன்னிக்கு முழுக்க வெறுங்கால்லயே ஊசி குத்தினாங்க. கேட்டவங்ககிட்ட வார் அறுந்துடுச்சுன்னு சொன்னாங்களாம். அடுத்த வாரம் அந்தக் கதவு ரிப்பேர் ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் பாருங்க, அவர் எங்க போனாலும் வண்டியை நிறுத்துவார், இறங்குவார், சுத்தி வருவார், கதவைத் திறந்து பொண்டாட்டியை இறக்கி விடுவார். கல்யாண மண்டபமோ, ஆஸ்பத்திரி வாசலோ, எல்லா இடத்துலயும். சொந்தக்காரங்க மயங்கிட்டாங்க. அந்த அம்மாவோட தங்கச்சி அவங்க புருஷனை விலாவுல இடிச்சு, பாருங்க, பாத்துக் கத்துக்கங்கன்னு சொல்வாங்களாம். அந்த அம்மா உள்ள பையை மடியில வச்சுக்கிட்டுக் கம்முனு உக்காந்திருப்பாங்க. திறந்து விடற வரைக்கும்.

ஒரு பொண்ணு உண்டு. ஹாஸ்டல்ல. அவளுக்குப் பெருமை தாங்கல. போன் பண்ணும்போதெல்லாம், என்ன மகாராணி, கதவு திறந்தாச்சா, இறங்கியாச்சான்னு கிண்டல் பண்ணுவா. அவங்க சிரிப்பாங்க. சிரிச்சிட்டு, சாப்டியான்னு கேப்பாங்க. ஊர்ல இருக்கற அத்தனை அநியாயத்துக்கும் மேடையேறிப் பேசற பொண்ணுண்ணே அவ. பொண்ணுங்க உரிமைன்னு பேசிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கா. இதைப் பாக்கத் தெரியல அவளுக்கு.

சரி விடுங்க. மழை பேஞ்சு ரோடெல்லாம் வழுக்கின ஒரு சாயந்தரம், வளைவுல வண்டி கால்வாய்க்குள்ள இறங்கிடுச்சு. அவர் வேணும்னு விட்டார்னு நான் சொல்ல மாட்டேன். நாய் குறுக்க வந்துச்சுங்கறார், வந்திருக்கும். என்னால நிரூபிக்க முடியாததை நான் பேசறதில்ல. ஆனா இந்த டேப்பை நாய் சுத்தலையே.

எதுத்த கரையில துணி அலசிட்டிருந்த ஒருத்தங்க பாத்திருக்காங்க. வண்டி விழுந்ததும் முழுகலையாம். கொஞ்ச நேரம் மிதந்துதாம். அப்பவே டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து அவர் வெளிய வந்துட்டார். விசாரணைக்கு வந்தவங்க என்ன எழுதினாங்க தெரியுமா? பதட்டத்துல அந்த அம்மாவுக்குக் கதவைத் திறக்கத் தெரியலன்னு. பதட்டமாம். இருபத்திரெண்டு வருஷம் கை நடுங்காம நரம்பு தேடினவங்களுக்கு.

ஸ்டேஷன்ல போய்க் கேட்டா, தண்ணி அழுத்தம்மா, தண்ணிக்குள்ள எந்தக் கதவும் திறக்காதுன்னு எனக்கே பாடம் நடத்தறாங்க. ஒரே வண்டி, ஒரே தண்ணி, மிதந்துட்டிருக்கற அதே நேரம். ஒரு கதவு திறந்துச்சு. இன்னொண்ணு திறக்கல. நம்ம கணக்குல இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. அவங்க ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க. வண்டியைப் பாருங்கன்னேன். வண்டி இன்சூரன்ஸுக்குப் போயாச்சு, அங்கேர்ந்து ஏலத்துக்குப் போயாச்சு, இந்நேரம் இரும்பாயிருக்கும், போய்ப் படிம்மான்னு அனுப்பிட்டாங்க.

ஏழு மாசம்ண்ணே. பழைய வண்டி விக்கற ஒரு இடம் விடல. விளம்பரப் போட்டோவுல இந்தப் பின் கண்ணாடி மூலையில பாதி கிழிஞ்ச நட்சத்திர ஸ்டிக்கரைப் பாத்ததும் பஸ் ஏறிட்டேன். சின்ன வயசுல ஒட்டினது. ரப்பர், வண்டல், போல்ட், பெல்ட், இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல. இத்தனை யார்டு ஏறி இறங்கினா யாருக்கும் வந்துடும்.

உங்களை எதுலயும் மாட்டி விட மாட்டேன். நீங்க பண்ணாத வேலைக்கு நீங்க ஏன் பயப்படணும்? ஒரு பேப்பர் எடுங்க. இன்னிக்குத் தேதி போடுங்க. வண்டி நம்பர் போடுங்க. பக்கத்து சீட்டுக் கதவு உள்ளேர்ந்து திறக்காது, உள்கம்பியைக் கழட்டி டேப் சுத்திக் கட்டியிருக்கு, எங்ககிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு, அந்தக் கம்பியை நாங்க தொடல. இவ்வளவுதான். உண்மைதானே? கையெழுத்துப் போடுங்க. முத்திரையும் குத்திடுங்க. அட்டையை அப்படியே டிக்கில வச்சிடுங்க, மாட்ட வேணாம். நான் ஓட்டிட்டுப் போகல, இழுத்துட்டுப் போற வண்டிக்கு சொல்லியிருக்கேன், வந்துடும்.

நன்றிண்ணே. மெதுவா, தெளிவா எழுதுங்க.

விக்கற ஃபாரத்தையும் இப்பவே முடிச்சிடலாம். என் பேர் எழுதிட்டீங்களா? விலாசத்துக்கு ஹாஸ்டல் விலாசமே போடுங்க, வீட்டுது வேணாம். அடுத்தது என்ன கேக்குது?

அப்பா பேரா? வண்டியோட அந்தப் பழைய பேப்பரை எடுங்கண்ணே. முதல் ஓனர்னு போட்டிருக்குல்ல, அதேதான். பாத்து எழுதிக்குங்க.