இன்னும் எட்டு ஓட்டம்

ஓடுகிறவனைவிட நின்று பார்க்கிறவனுக்குத்தான் கால் அதிகம் வலிக்கும். நான் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். சுன்சோன் நகரில் எங்கள் பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் உடல்தகுதியை அளப்பது என் வேலை. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். மணி அடிப்பதற்குள் அடுத்த கோட்டைத் தொட வேண்டும். போகப்போக மணி சீக்கிரம் அடிக்கும். மார்பில் கட்டிய பட்டை இதயத்துடிப்பைத் திரைக்கு அனுப்பும்.

பான் ஹா-ரம் மூன்றாம் ஆண்டு மாணவன். சொக்சோவில் அவன் அம்மாவுக்கு மீன் கடை. ராணுவ விளையாட்டு அணியில் இடம் கிடைத்தால் கட்டாய ராணுவ சேவைக் காலத்திலும் மட்டையைக் கீழே வைக்க வேண்டாம். அது ஒன்றுதான் அவன் ஆசை.

மார்ச் மாதச் சோதனையில் அவன் துடிப்பு திடீரென்று தாறுமாறாக எகிறியது, பிறகு அப்படியே சரிந்தது. அவன் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"பட்டை நழுவிடுச்சு போல, சார்," என்றான்.

பட்டை நழுவவில்லை. அன்றே அவனை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். பயிற்சியாளர் பியோன் வந்து, "பையன் எப்படி?" என்று கேட்டார். "குதிரை மாதிரி இருக்கான்," என்றேன்.

என் ஆய்வுக் கட்டுரைகளை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள், புதிதாக ஒன்றுமில்லை என்று. நல்ல இதயங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் துடிக்கின்றன. இவனுடையது அப்படி இல்லை.

அதன்பின் வாரம் ஒருமுறை அவனை மட்டும் தனியாக ஓடவைத்தேன். ராணுவ அணிக்காக நான் அவனைத் தயார் செய்வதாக நம்பினான். "சார் உன்னை மாப்பிள்ளையாக்கப் போறாராடா?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்தான். ஜூனில் இரண்டு முறை மயங்கி விழுந்தான். பார்லி டீ கொடுத்தேன். வெயில் என்றேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி விடுமுறை. உள்ளரங்கில் நாங்கள் இருவர் மட்டும். நூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டத்தில் கோட்டின் மேலேயே நின்றுவிட்டான்.

"சார், நெஞ்சு என்னமோ பண்ணுது. நிறுத்திடட்டுமா?"

"இன்னும் எட்டு. ராணுவ அணியில நூத்தி இருபது கேப்பாங்க."

அப்படி யாரும் கேட்பதில்லை.

"சரி, சார்," என்றான். ஐந்து ஓடினான். ஆறாவதில் முகம் தரையில் பட விழுந்தான்.

இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி சுவரிலேயே இருந்தது. என் நாற்காலியிலிருந்து பதினோரு அடி தூரம், விசாரணைக்கு வந்த நீங்களே அளந்து பார்த்திருக்கிறீர்கள். விழுந்ததும் போய் எடுத்தேன் என்று முதல் நாள் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அது தவறு. நான்கு நிமிடம் கழித்துத்தான் எழுந்தேன். திரையில் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பதிவை நான் எங்கும் பார்த்ததில்லை. நடுவில் தொட்டால் கெட்டுவிடும்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். கையில் இன்னும் மீன் வாடை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ள தனியா போகலையே, சார். நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அது போதும்."

அவன் வலியில்லாமல் போனான் என்று சொன்னேன். அந்த அம்மாவிடம் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. ஒரு துடிப்புகூட விடாமல், கடைசிவரை அவனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டது நான்தானே.