கரிக்காட்டு மணிக்கு முதலிடம்

பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்த ஒரு பகல் முழுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறவர்கள் பாட்டைச் சரியாகக் கேட்காதவர்கள். நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றீர்கள். அதற்கும் ஒரு வரிசை வேண்டும் என்பதால் பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அஹ்தி ரௌதாலாவை உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. ஹெவி மெட்டல் பாடகர். குழுவோடு இருந்த காலத்தில் பின்லாந்து முழுக்க அவருக்கு ரசிகர்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் தனியாக ஆறு ஆல்பம் போட்டார். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பாட்டு. அவற்றைக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர்: மர அறுவை ஆலையில் வேலை பார்த்த நானும், சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டிய யால்மரியும்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, உறைந்த ஏரி உருகுவதற்குள், அதன் மேல் இரண்டு முக்காலி போட்டு உட்காருவோம். ஆளுக்கொரு துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, சறுக்கு வண்டியில் பாட்டுப்பெட்டியை வைத்துக்கொண்டு, அந்த வருடத்துக்கான பத்தைத் தேர்ந்தெடுப்போம். இருபத்திரண்டு வருடங்கள் இப்படி. பெட்ரோல் பங்குக் கடை ஆவுனே எங்களுக்குக் காபி ஊற்றும்போதெல்லாம் சீண்டுவாள்.

“ஏரியில மீன் குறைஞ்சதே உங்க ரெண்டு பேராலதான். சத்தம் தாங்காம ரஷ்யாப் பக்கம் ஓடிப்போச்சாம்.”

“ரசனை இல்லாத மீனுங்க ஆவுனே. போனா போகட்டும்” என்பான் யால்மரி.

எங்களுக்கு ஒரே ஒரு விதி. பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது, யாரும் எழுந்திருக்கக்கூடாது. அவசரமாக இருந்தால் மற்றவன் உள்ளங்கையைக் காட்டுவான். முடியட்டும், பொறு என்று அர்த்தம். ஒரு வருடம் பெரிய மீன் ஒன்று யால்மரியின் தூண்டிலைத் துளைக்குள் இழுத்துக்கொண்டு போனது. நான் கையைக் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இன்னொரு வருடம் அவன் மகள் சாய்மிக்குக் குழந்தை பிறந்த செய்தியோடு போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. பேரன் பிறந்து ஏழு நிமிடம் தாமதமாகத்தான் அவன் தாத்தா ஆனான்.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இரும்புத் தொட்டில்’ எப்போதும் பத்தாவது. பியர் குடிக்கிற இடங்களில் எல்லோரும் கத்தட்டும் என்றே போட்ட பாட்டு, பத்தே அதற்கு அதிகம். ‘வடக்குச் சுவர்’ நான்காவது. ரௌதாலா ஜலதோஷத்தோடு பாடியது. இரண்டாம் சரணத்தில் குரல் உடைகிற இடத்தில் யால்மரி தொப்பியைக் கழற்றுவான். ‘மாமன் கோடரி’ மூன்றா ஐந்தா என்று ஆறு வருடம் சண்டை. முதலிடத்தில் மட்டும் சண்டையே கிடையாது. அது ‘கரிக்காட்டு மணி’. ஏழு நிமிடப் பாட்டு. கடைசியில்தான் கேட்போம்.

எனக்கு மனைவி மக்கள் இல்லை. ஆலையை மூடிய பிறகு என்னோடு பேச வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. நவம்பர் இருட்டிலேயே நான் ஐம்பத்தெட்டையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுவேன், ஏப்ரலில் யால்மரியிடம் என்ன சொல்வது என்று குறித்துவைப்பேன். தனிமை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.

இந்த வருடம் மதியத்துக்கு மேல் இரண்டாவது இடம் வரை வந்துவிட்டோம். பாட்டு பாதியில் இருக்கும்போது அவன் போன் அடித்தது. நான் கையைக் காட்டினேன். அவன் எழுந்து, பேசிக்கொண்டே தள்ளிப் போனான். நான் பெட்டியை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

“சாய்மிதான்டா. துர்க்கு டவுன்ல வீடு கிடைச்சிருச்சாம், அவ தெருவுலயே. மே மாசம் கிளம்பிடுவேன்.”

“பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“தெரியும்.”

“அப்ப அடுத்த வருஷம்?”

“நீயே போட்டு எனக்கு அனுப்பிடு. முதல் இடத்துல எதை வேணும்னாலும் வையி.” பிறகு என் தோளில் கை வைத்தான். “கோவிச்சுக்காத தொர்ஸ்தி. ரௌதாலா எனக்கு அலுத்துப்போய் நாலு வருஷம் ஆச்சு. உனக்காகத்தான்டா வந்துக்கிட்டிருந்தேன்.”

அவன் இதை அன்பாகத்தான் சொன்னான். எனக்கு உறைத்தது வேறு. நான்கு வருடங்களாக அவன் மனதில் படாததைச் சொல்லியிருக்கிறான், ஆகவே கடைசி நான்கு பட்டியல்களும் செல்லாது. இதைவிட நியாயமான முடிவுக்கு வேறு யாரும் வந்திருக்க முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

சாய்மியிடம் விவரமாகப் பேச வேண்டும் என்று அவன் கரைக்குக் கிளம்பினான். தண்ணீருக்குள் விழுந்தால் பனியில் குத்தி ஏறுவதற்காக நாங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஆணிகளை முக்காலியிலேயே விட்டுவிட்டான். நான் பார்த்தேன். ஓடை வந்து சேரும் பக்கமாகக் குறுக்கே நடந்தான். காலையில் முதலில் வந்தவன் நான். அங்கே ஒரு துளை போட்டுப் பார்த்திருந்தேன். பனி சாம்பல் நிறம், நான்கு விரல் கனம்கூட இல்லை. அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் ‘கரிக்காட்டு மணி’ ஆரம்பித்துவிட்டது.

முதல் இரண்டு நிமிடம் கிதார் மட்டும். அந்த இடத்தில்தான் பனி உடைந்து அவன் விழுந்தான், என்னிடமிருந்து முப்பது அடி தள்ளி. கயிறு சறுக்கு வண்டியில் இருந்தது. யால்மரி கத்துகிற ஆள் இல்லை.

“தொர்ஸ்தி, கயிறு” என்றான்.

நான் உள்ளங்கையைக் காட்டினேன்.

“டேய், விளையாடாத. கை மரத்துப்போகுது.”

மூன்றாம் நிமிடத்தில் குரல் வரும், மெதுவாக, சுரங்கத்துக்குள்ளிருந்து வருவதுபோல. நான் உட்கார்ந்தே இருந்தேன். நான்காம் நிமிடத்தில் விளிம்பைப் பிடித்திருந்த அவன் இடது கை நழுவியது. ஐந்தாம் நிமிடத்தில் மணியோசை. அதன் பிறகு அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். பாட்டு முடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்புறம் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். விதியை அவன் ஒருமுறை மீறினான், நான் மீறவில்லை. நேற்றுவரை நான் சொன்னது இவ்வளவுதான்.

நேற்று நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். பாட்டுப்பெட்டியின் பேட்டரிகள் என் கோட்டின் உள்பையில் எப்படி வந்தன என்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். பெட்டியை நிறுத்தினால் உடனே கழற்றி உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது எங்கள் பழக்கம். அவன் போனில் பேசப் போனபோதே கழற்றிவிட்டேன். அதன்பிறகு மாட்டவில்லை.

ஆகவே பாடியது நான்தான். கிதாரை வாயாலேயே வாசித்து, மணியையும் நானே அடித்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் பாடினேன். ஏழு நிமிடம் முடிந்தபோது அவன் வலது கை இன்னும் விளிம்பில் இருந்தது. அதனால் கடைசிச் சரணத்தை மறுபடி எடுத்தேன், அந்தக் கையும் போகிற வரைக்கும். பனி தாங்காது என்று தெரிந்து அவனை நடக்கவிட்டேன். கயிறு என் காலடியிலேயே, சறுக்கு வண்டியில் இருந்தது. இதில் திருத்த ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டு முடியும்வரை அவன் எங்கேயும் போகவில்லை.