கைராசி

கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். நுணுக்கமான கீறல் விழும். முதலில் தெரியாது. பிறகு ஒரு நாள் விளக்கைப் பார்க்கும்போது சுற்றிலும் சிலந்தி வலை பின்னியது போல இருக்கும். மெல்லிய பருத்தித் துணியும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் போதும். இத்தனை வருஷம் கண்ணாடிக் கடையில் இருந்துவிட்டதால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் கேட்டதற்கே வருகிறேன்.

அத்தையின் கண்ணை ஏன் கெடுத்தாய் என்று கேட்டீர்கள். கெடுத்தேன் என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் என் இடம் பின்பக்கம். முன்னால் நிற்பவர்கள் ஃபிரேமைக் காட்டிச் சிரித்துப் பேசி விற்பார்கள். லென்ஸை அதற்கு ஏற்றபடி அரைத்து, விளிம்பு தேய்த்துப் பொருத்திக் கொடுப்பது நான். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் நான் பொருத்திய கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். என்னைத்தான் யாரும் பார்த்ததில்லை. "நீ முன்னாடி வந்து நின்னா, வந்தவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பார்வை நல்லாத்தானே இருக்குன்னு போயிடுவாங்க" என்று முதலாளி தமாஷ் செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அக்கா கல்யாணமாகிப் போனவள் போனவள்தான். எனக்கென்று ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

கடை இருக்கும் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும். அதைச் சரிசெய்ய வருபவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கை முழுக்கக் கிரீஸோடு வந்து, தன் கண்ணாடியில் கழன்று தொங்கும் காதை நீட்டுவார். திருகாணியை முடுக்கிக் கொடுப்பேன். ஒரு நாள் முடுக்கிக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை.

"ஒரு உதவி கேட்கணும். கேட்டா சிரிப்பீங்க."

"சிரிச்சா என்ன, கேளுங்க."

அவருடைய அம்மா வீட்டிலேயே துணி திருத்தித் தைத்துக் கொடுப்பவர். கால்சட்டையைக் குட்டையாக்குவது, தோளைப் பிடிப்பது, கிழிந்ததைத் தெரியாமல் தைப்பது. அவருக்குக் கண் அழுத்த நோய் வந்திருந்தது. கண் போவதற்குள் மருமகள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். இவருக்கோ கல்யாணப் பேச்சே வேண்டாம். பல வருஷம் பழகிய பெண் ஒருத்தி வேறு ஒருவரோடு போய்விட்டாள்.

"நிச்சயம் ஆயிடுச்சுன்னு மட்டும் சொல்லிக்கலாம். நீங்க ஒரு நாலு தடவை வந்து முகம் காட்டினா போதும். அப்புறம் ஒத்து வரலைன்னு சொல்லிடலாம்."

"இத்தனை பேர் இருக்க, என்னை ஏன் கேட்கறீங்க?"

"நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க" என்றார்.

உண்மைதான். சொல்வதற்கு எனக்கு யாரும் இல்லை.

முதல் நாள் போனபோது அந்த அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். தையலில் கோணல் இருக்கிறதா என்று பார்ப்பது போல நெற்றியிலிருந்து கழுத்துவரை நிதானமாகப் பார்த்தார். "மூக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. பரவாயில்ல, துணி நல்ல துணி" என்றார். அப்புறம் சொன்னார்: "என்னை அத்தைன்னு கூப்பிடு கண்ணு." அதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அறைக்குத் திரும்பி, கண்ணாடி முன் நின்று என் மூக்கைப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. எனக்கே அதுவரை தெரியாது.

நாலு தடவை என்பது நாள்தோறும் ஆனது. மருந்துப் புட்டியை எடுத்தாலே அத்தைக்குக் கை நடுங்கும். சொட்டு மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிந்துவிடும். காலையில் கடைக்குப் போகும் வழியிலும், மாலையில் திரும்பும் வழியிலும் நானே விட்டேன். மருந்து எரியும். ஒவ்வொரு முறையும் அத்தை நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "உன் மாமனார் இருந்தப்பகூட நான் இவ்வளவு அழுததில்ல" என்பார். லிஃப்ட்காரர் சமையலறையிலிருந்து சிரிப்பார். தட்டு மூன்றானது. நான் போகும்போது என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நல்ல செய்தி சொன்னார். அழுத்தம் இறங்கிவிட்டது. மருந்தை விடாமல் போட்டுக்கொண்டு வந்தால் இருக்கும் பார்வை கடைசிவரை இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அத்தை டாக்டரம்மாவின் கோட்டுப் பையில் பிரிந்திருந்த தையலைச் சுட்டிக்காட்டி, "கழட்டிக் கொடுங்க, தைச்சுத் தரேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது லிஃப்ட்காரர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"உங்களை ரொம்பச் சிரமப்படுத்திட்டேன். இனி இந்த நாடகத்தை முடிச்சுக்கலாம். அப்புறம்..."

"அத்தைக்கு மருந்து தீரப் போகுது" என்றேன். "வாங்கிட்டு வரேன்." அவர் முடிப்பதற்குள் தெருவைத் தாண்டி மருந்துக் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் நின்றபோது நான் அழவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. கணக்கு நேராக இருந்தது. அத்தையின் கண்ணுக்கு ஆபத்து இருக்கும்வரை எனக்கு அந்த வீட்டில் இடம் உண்டு. ஆபத்து போனால் இடமும் போகும். ஆறு கடந்த பிறகு ஓடக்காரன் எதற்கு? திரும்பி வந்து, "இப்பவே சொன்னா அத்தை மனசு உடைஞ்சிடும், கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். அவர் உடனே சரி என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் தப்பாகப் படித்துவிட்டேன்.

எங்கள் கடையிலேயே உலர்ந்த கண்ணுக்கு விடும் சொட்டு நீர் விற்போம். அதில் விஷம் எதுவும் இல்லை, குழந்தைக்குக்கூட விடலாம். மருந்துப் புட்டியைக் காலி செய்து அதில் இதை நிரப்பினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: நான் அவருக்குக் கெடுதலான எதையும் கொடுக்கவில்லை. ஒன்றைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அதுவும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன். அழுத்தம் சற்று ஏறி, டாக்டரம்மா முகம் சுளித்தால் போதும்.

முதல் நாள் விட்டபோது அத்தை வழக்கம்போல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எரியவில்லை. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, இன்னைக்கு எரியவே இல்ல?"

"பழகிடுச்சு அத்தை."

"பழக்கம் இல்ல, உன் கைராசி" என்று என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த நோய் ஓரத்திலிருந்துதான் தின்னும். வலி இருக்காது, நடுப்பார்வை தெளிவாகவே இருக்கும். அதனால் நோயாளிக்கே தெரியாது. அத்தை கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தார். ஒரு கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டு, "ஒத்தைக் கால்காரன் எவனாவது வந்தா கொடுத்துடலாம்" என்று சிரித்தார். பிறகு வாடிக்கைக்காரர்கள் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். அன்று மட்டும் சிரிக்கவில்லை. தையல் இயந்திரத்தின் மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடினார்.

டாக்டரம்மா மருந்தை மாற்றினார். இன்னொரு புட்டியும் சேர்த்தார். அதிலும் நான் அதையே நிரப்பினேன். அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றபோது அத்தை பயந்தார். "நீ என்ன சொல்றே கண்ணு?" என்று என்னைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பார்கள். அத்தை தன் பயத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார்.

லிஃப்ட்காரர் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். ஒரு மனிதர் இடிந்து உட்காரும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். நான் இருந்தேன். கடைக்கு அரை நாள் லீவு போட்டு அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சுவரைத் தடவி நடக்கப் பழக்கினேன். காய்கறி நறுக்கினேன். அந்த வீட்டில் என்னைவிட உண்மையாக உழைத்தவர் யாரும் இல்லை, நீங்கள் அவரையே கேட்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவ, லிஃப்ட்காரர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தார்.

"ஒண்ணு சொல்லணும். நடிக்கிறதை நிறுத்திடலாமா?"

என் கை ஈரமாகவே நின்றது.

"நிஜமாவே கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொல்றேன். உனக்கு இஷ்டம்னா."

அதுவரை நீங்க என்றுதான் பேசுவார். அன்றுதான் முதல் தடவை நீ என்றார்.

"எப்ப இருந்து இந்த நினைப்பு?" என்று கேட்டேன். அது ஒரு பெண் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல, அம்மாவுக்கு நல்லாயிடுச்சுன்னு சொன்னாங்களே, அன்னைக்கே கேட்கணும்னு இருந்தேன். நாடகத்தை முடிச்சுட்டு, அப்புறம் முறையா ஆரம்பிக்கலாம்னு. நீ மருந்து வாங்கப் போயிட்டே. அப்புறம் அம்மாவுக்கு இப்படி ஆனதும், இந்த நேரத்துல கேட்டா வேலைக்காகக் கேட்கிற மாதிரி இருக்குமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

குழாயை மூடினேன். சரி என்றேன். அவர் என் ஈரக் கையையே பிடித்துக்கொண்டார். கதையில் படிப்பார்களே, அப்படி ஒரு சந்தோஷம். நான் அதை மறைக்கவில்லை. அன்று முழுக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நீங்கள் கேட்க வருவது எனக்குத் தெரிகிறது. அன்று அத்தைக்கு ஒரு கண்ணில் பாதிப் பார்வை மிச்சம் இருந்தது. என் முகத்தைக் கிட்டத்தில் வைத்தால் பார்ப்பார். தேவையே இல்லாத காரியத்தைச் செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கும் அந்தச் சமையலறையிலேயே புரிந்துவிட்டது. அன்று மாலை நிஜ மருந்தை விட்டிருந்தால் அந்தப் பாதி நின்றிருக்கும். புட்டியைக் கையில் எடுத்து யோசித்தேன். மருந்து விட்டால் எரியும், ஏன் எரிகிறது என்று அத்தை கேட்பார். அழுத்தம் சட்டென்று இறங்கினால் இத்தனை நாள் ஏன் இறங்கவில்லை என்று டாக்டரம்மா கேட்பார். அப்போதுதான் எல்லாம் கைகூடி வந்திருந்தது. நிறுத்துவதுதான் ஆபத்து. அதனால் நிறுத்தவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது அத்தை என் முகத்தை விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டார். "இப்ப மூக்கு நேராயிடுச்சு" என்றார்.

டாக்டரம்மா கெட்டிக்காரர். எந்த மருந்துக்கும் அழுத்தம் இறங்கவில்லையே என்று அத்தையை வார்டில் சேர்த்துக்கொண்டார். அங்கே நர்ஸ் மருந்து விட்டாள். அழுத்தம் மளமளவென்று இறங்கிவிட்டது. போன பார்வை திரும்பாது, அது வேறு விஷயம்.

"வீட்ல மருந்து யார் விடறாங்க?"

"என் மருமக" என்று அத்தை பெருமையாகச் சொன்னாராம். "வேற யாரையும் தொட விட மாட்டேன்."

வீட்டிலிருக்கும் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் ஒன்றும் தெரியாமல் எடுத்துப்போய்க் கொடுத்தார்.

பரிசோதித்துச் சொன்ன பிறகு அவர் நேராகக் கடைக்கு வந்தார். முன்பக்கம் வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. பின்பக்கம் வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"அன்னைக்குச் சமையலறைல நான் சொன்னதுக்கு அப்புறமும் அதையேதான் விட்டீங்களா?"

மறுபடி நீங்க ஆகிவிட்டேன்.

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் அதை நிறுத்தினேன். அவர் திரும்பி நடந்தார். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறார்.

அத்தை இன்னும் நம்பவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றீர்கள். அவர் என்னைப் புரிந்துகொண்டவர். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். மருந்தை மாற்றியது நான்தான். தெரிந்துதான் செய்தேன். தேவையில்லை என்று தெரிந்த பிறகும் செய்தேன்.

எத்தனை வருஷம் கொடுத்தாலும் எனக்கு மறுப்பில்லை. கோபம் ஆறுவதற்கு அவருக்கும் நாள் வேண்டும். காத்திருப்பார். கண் தெரியாத அம்மாவை விட்டுவிட்டு அவர் எங்கும் போக முடியாது, அப்படி ஒரு மாமியார் இருக்கும் வீட்டுக்கு வேறு எவளும் வாழ வர மாட்டாள்.