சுவர் வழியே எடுத்த கணக்கு

கேள்வி கேட்பதில் நான் கெட்டிக்காரன், சேர். பதிலை நம்புவதில்தான் கொஞ்சம் மந்தம்.

பயிற்சி வகுப்பில் நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. பொலிஸில் பதிவாகிறவை நடந்த குற்றங்களில் ஒரு பங்குதான். மீதியைப் பிடிக்கத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்கிறோம். அப்போதும் புருஷனிடம் வாங்கிய அடியைப் பெண்கள் குறைத்தே சொல்வார்கள். அன்று தலையாட்டியவர்களில் பலமாக ஆட்டியவன் நான்தான். அந்தப் பாடத்தைச் சுனாமிக்கு முன்பே நான் நடைமுறைப்படுத்தியிருந்தேன்.

கல்முனையில் எங்கள் வீட்டின் பாதி என் அக்கா றாஹிலா ராத்தாவுக்குச் சீதனமாகப் போனது. மச்சான் ஜவுபர் அங்கே குடிவந்தார். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நான், மொழிபெயர்ப்பு நாவல்களோடு. சில நாட்களில் அந்தப் பக்கம் தொம்மென்று ஏதோ விழும். ராத்தா முனகுவாள். "கத்தாத புள்ள, ஆக்களுக்குக் கேக்கும்" என்பார் மச்சான். மறுநாள் அவள் கையில் நீலம் பாரித்திருக்கும். கேட்டால், "கதவுல பட்ட" என்பாள். நாவல் வாசிக்கிறவனுக்கு இது போதாதா?

கடல் வந்த அன்று நான் மதிலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மச்சான் தண்ணீரோடு வந்து, "தம்பி, கையத் தா" என்றார். மிதந்து வந்த கதவுச் சட்டத்தால் அவர் தலையில் அடித்தேன். ஒரு தடவை போதவில்லை. வேறு நாளென்றால் இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் காயத்தைக் கண்டு கதைத்திருப்பார்கள். அன்று குளிப்பாட்ட நேரமேது? எல்லோரையும் ஒரே குழியில் அடக்கினோம். அவர் கடலின் கணக்கில் சேர்ந்தார். நாவல்களில் கொலைகாரனுக்குக் காய்ச்சல் வரும். எனக்குச் சளி, தடிமன்கூட வரவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நமது குற்றக் கணக்கெடுப்பு. குலுக்கலில் ராத்தாவின் வீடும் விழுந்தது. சொந்தக்காரரிடம் கேட்கக் கூடாது என்பது விதி. அதை மீறியதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், தெரியும்.

"வீட்டுல ஆரும் எப்பயாச்சும் அடிச்சிருக்காங்களா, ராத்தா?"

"பைத்தியமா தம்பி உனக்கு? என்னை ஆரு அடிக்கிற?"

அவள் முழங்கையில் புதிதாக ஒரு நீலம் இருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"வலிப்பு வந்து விழுற," என்றாள், குரலைத் தாழ்த்தி. "கலியாணம் முடிச்ச வருசமே வந்த. ஊருக்குத் தெரியாம அவர்தான் மறைச்சு வெச்ச. விழுந்தா தலைய மடியில வெச்சிட்டு இருப்பார். இப்ப புடிக்க ஆளில்ல."

அது அவளுடைய கூற்று. நான் 'புருஷன் அடித்ததுண்டு' என்றே குறித்தேன். பெண்கள் குறைத்துத்தான் சொல்வார்கள், சேர். நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்.