தூளிக்கு ஒரு பாட்டு

— நிறுத்துங்க தம்பி. அந்தத் தூளி வர்ற எடத்துலயே நிறுத்திருங்க.

— ஏனுங்கக்கா, அங்கதான பாட்டே எடுக்குது! நாலு பேரு கம்புல தூளி கட்டித் தூக்கிட்டு மேடேற, பின்னாடி சூரியன் எறங்க, ட்ரோனு அப்படியே மேல போகும் பாருங்க… புல்லரிக்கும்.

— போதுமுங்க. ஏனுங்க ஓம்பிரகாஷ், தூளிக்குள்ள படுத்திருக்கறது யாரு?

— எங்க சின்னம்மா பொண்ணு மோனிஷா. நல்லா நடிச்சிருக்கால்ல?

— வலி எடுத்த பொம்பள தல நெறைய மல்லிகப்பூ வெச்சுட்டு வருவாளா? சிரிக்குது வேற.

— அது சிரிப்பில்லக்கா, ஃபீலு. பேளுக்குறிச்சில ஸ்டூடியோ போட்ட நாள்ல இருந்து கல்யாணம், காதுகுத்து, சீருன்னு எடுத்துட்டு இருக்கேன். மூஞ்சி நல்லா விழுகலைன்னா ஆல்பத்தத் திருப்பி மூஞ்சில அடிப்பாங்க.

— இது சீரு வீடியோ இல்ல சாமி. இந்த மலையில குண்டனி நாட்டுல இருக்கற எங்கூருக்கு ரோடு கேக்கற படம். ஆபீசருக்கு முழங்கா வலியாம், பள்ளத்துல எறங்கி எங்கூரப் பாக்க மாட்டாராம். இந்தப் பஞ்சாயத்து ஹாலுல ஒக்காந்து படத்தப் பாத்துட்டுத்தான் சொல்வாராம், ரோடு எங்களுக்கா, பக்கத்து நாட்டு ஊருகளுக்கான்னு. மெம்பரு பாத்துக்குவான்னு ஊரே என்னய நம்பிட்டு இருக்குது. ஜீப்பு வேற மலையேறிருச்சாம்.

— கேளுங்கக்கா, பயமே வேண்டாம். நேத்தே டிரெய்லர அவரு போனுக்கு அனுப்பிச்சுட்டேன்.

— அனுப்பிச்சாச்சா? என்ன சொன்னாரு?

— ‘அருமையான இடம், ஒரு நாள் குடும்பத்தோட வரணும்’னு போட்டிருந்தாரு. கூடவே கைதட்டு பொம்மை.

— ரோடப் பத்தி?

— அது… ஒண்ணும் போடலீங்க. ‘இந்த இயற்கைய அப்படியே கெடாம காப்பாத்தணும்’னு இன்னொண்ணு போட்டிருந்தாரு.

— அப்படியேன்னா? ரோடு இல்லாமயா?

— அப்படித்தான் போட்டிருக்காரு. இந்தாங்க, நீங்களே படிச்சுப் பாருங்க.

— அப்படித்தான இருக்குது தம்பி. போச்சா? எங்க கஷ்டத்தயே அழகா எடுத்துக் காட்டி, அதக் கெடுத்துராதீங்கன்னு அவரே சொல்ற மாதிரி பண்ணிப்போட்டீங்களே!

— அக்கா, கண்ணு நெறஞ்சாத்தான மனசுக்குள்ள போகும்? பெரிய பெரிய படமெல்லாம் பாருங்க. கதைன்னு பாத்தா ஒரு வரி தேறாது. தேட்டர்ல விசிலு பறக்குதுல்ல?

— பறக்குது. ராசிபுரத்துல நானும் பாத்தேன். மலையே பறக்குது, கடலு எந்திரிச்சு நிக்குது. வாயப் பொளந்துட்டுத்தான் பாத்தேன், இல்லீங்கல. பஸ்ஸு பேளுக்குறிச்சி வாரதுக்குள்ள எவன் எதுக்குச் செத்தான்னு மறந்துபோச்சு. ஆபீசரும் மலை எறங்கறதுக்குள்ள எங்கள மறந்துருவாரு.

— அதுக்குன்னு? அந்தப் பள்ளத்த மேல இருந்து காட்டலைன்னா கீழ இருந்து வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? வாயில சொன்னா ஏதோ சின்ன ஏத்தம்னு நெனச்சுக்குவாங்க.

— அது நெசந்தான். பள்ளம் தெரியட்டும், வேண்டாங்கல. அந்தப் பள்ளத்துல என்ன நடந்துச்சுன்னு எங்க? என்ற மாமியா ராமாயிய மொளகுக் கொடிக்குக் கீழ ஒக்கார வெச்சுப் பேசச் சொன்னீங்களே, அது எங்க?

— வருதுங்களே. கண்ணத் தொடைக்கற மாதிரி ஒரு ஷாட்டு.

— வாயி அசையுது, பேச்சக் காணோம்!

— அந்த எடத்துல பாட்டு போட்டுட்டேனுங்க. கல்யாண வீடியோல பெரியவங்க பேசுனா யாரு கேக்கறா? சத்தத்த எடுத்துட்டுப் பாட்டுதான் ஓட்டுவோம். கை அப்படியே பழகிப்போச்சு.

— சரி, பாட்ட எடுத்துட்டுப் பேச்சப் போடுங்க. ஜீப்பு வாரதுக்குள்ள போட்டுருங்க கண்ணு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— போட முடியாதுங்கக்கா.

— ஏன்?

— தேவனூர் நாட்டுல ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருந்தேன். வேணுங்கற துண்ட மட்டும் சத்தமில்லாம வெட்டி வெச்சுட்டு, மெமரி கார்ட அழிச்சு அதுல அந்தக் கல்யாணத்த எடுத்துட்டேன். எங்க தொழில்ல அதான் வழக்கம்.

— அழிச்சுட்டீங்களா?

— மன்னிச்சுக்கங்க. சத்தியமா தெரியாமப் பண்ணிட்டேன். அம்மாவக் கூப்பிடுங்க, இப்பவே மறுபடி எடுத்துரலாம்.

— வராது. இத்தன வருசமா அதப் பத்தி வாயே தொறக்காத பொம்பள, எனக்காக உங்க முன்னாடி ஒருக்காச் சொல்லுச்சு. சொல்லிப்போட்டு அன்னிக்கெல்லாம் சோறு திங்கல. ‘சொல்லியாச்சு ஆத்தா, இனிக் கேக்காதீங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. மறுபடி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேப்பேன்?

— இருங்க, ஜீப்பு டிரைவரு கூப்பிடறாரு… அலோ… சரிங்ணா… சோளக்காட்டுக் கடவீதில டீ குடிக்கறாங்களாம். குடிச்சதும் நேரா இங்கதான்.

— அய்யோ! மோடம் வேற போட்டு மழ வர்ற மாதிரி இருக்குது. ஊட்டுல என்ற ஓரகத்தி ருக்குமணி நெறமாசம் தம்பி. இன்னிக்கு மழ பேஞ்சு அவளுக்கு வலி எடுத்தா அதே பள்ளம், அதே ஓடை.

— அப்ப நீங்களே பேசுங்கக்கா. அம்மா சொன்னத நீங்க சொல்லுங்க.

— நானா?

— கிராம சபைல மைக்கப் புடிச்சா விட மாட்டீங்களாமா?

— அது வேற. தண்ணிக் கொழாயி வேணும்னு பேசறது வேற.

— எனக்கு அம்மா சொன்னதுல பாதி ஞாபகமில்ல. வெளிச்சம் போகுதேன்னுதான் அப்பக் கவலை. மழைல ஒரு பொண்ணத் தூளி கட்டித் தூக்குனாங்க, ஓடையில வெள்ளம்… அப்புறம் என்னுங்க?

— ஓடைய ஒட்டிப் பாறையில எறக்கி வெச்சாங்க. வெள்ளம் வடியோணும்னு. துணி நனஞ்சு கனம் ஏறிப்போச்சு. மேல பாத்தா துணிதான் தெரியும், வானம் தெரியாது. கம்பு கிரீச்சு கிரீச்சுங்கும். தூக்கறவங்க ஒருத்தரும் பேசல. மூச்சு மட்டும் வாங்குது. அந்தப் பாறையிலயே கொழந்த பொறந்துருச்சு. ஒருக்கா அழுதுச்சு. நெம்பச் சன்னமா. மறுக்கா அழும், அழும்னு பாத்து… ரோட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் அழுகவே இல்ல.

— அக்கா… துணி, வானம், இதெல்லாம் அம்மா சொல்லலீங்களே. இந்தளவு எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. உங்களுக்கு யாரு சொன்னா?

— ஜீப்புச் சத்தம் கேக்குதா?

— இல்லீங்க, அது பஸ்ஸு.

— கேமராவ எடுங்க.

— வெளிய வர்றீங்களா? பின்னாடி மலை தெரிஞ்சா நல்லா…

— வேண்டாம். இந்தச் செவுத்துக்கு முன்னாடியே நிக்கறேன். பாட்டும் போடாதீங்க.

— போட மாட்டேனுங்க. பேசறதுக்கு முன்னாடி சித்த தண்ணி குடிங்க.

— தண்ணி குடிச்சா பேச்சு வராது. ஆரம்பிங்க.

— சரிங்க. யாரு என்னன்னு சொல்லிட்டுப் பேசுங்க. ஓடுது.

— வணக்கமுங்க. என்ற பேரு அம்சவேணி. குண்டனி நாட்டுல வார்டு மெம்பருங்க. இப்ப நீங்க பாத்த படத்துல மல்லிகப்பூ வெச்சுட்டு ஒரு பொண்ணு படுத்திருந்துச்சில்லீங்க? அன்னிக்கு அந்தத் தூளியில கெடந்தது நாந்தானுங்க.